இரவு தங்கல் இன்றி

நீதிமன்றத் தாளில் இருந்த அந்த ஒற்றை வரியை இவானோ தஸ்ஸினாரி ஜெபம் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை, இரவு தங்கல் இன்றி. பெற்ற மகள் அவனுக்குக் கிடைப்பது பதினைந்து நாளைக்குப் பத்து மணி நேரம். அதுவும் எட்டு அடிக்கும்போது வாசலில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரவு தங்கல் ஏன் இல்லை என்றால், தங்க இடம் இல்லை. பொலோஞ்ஞா ரயில் நிலையத்துக்குப் பின்னால், கார்மெலோ என்கிற சிசிலிக்காரனோடு அவன் ஒரு சின்ன ஃப்ளாட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தான். சமூகநலத் துறையிலிருந்து வந்த அம்மாள் அவன் அறையை வாசலில் நின்றபடியே பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, சமையலறையில் தொங்கிய கார்மெலோவின் ஜட்டி, பனியன். பன்னிரண்டு வயதுப் பெண் தங்கத் தகுந்த இடமல்ல என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவள் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் இவானோவால் தாங்க முடியாமல் இருந்தது.

வீடு இல்லாதவன் மகளை எங்கே உட்கார வைப்பான்? ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போவான். அதற்குப் பொலோஞ்ஞாவைவிட வசதியான ஊர் கிடையாது. எந்தப் பக்கம் ரயில் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பழைய ஊர், ஒரு பெரிய கோயில், ஒரு சதுக்கம், நல்ல சாப்பாடு. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். உலகத்தில் உள்ளவர்கள் எல்லாம் விமானம் ஏறி வந்து செய்கிற காரியம் அது. இவானோ கதியற்றுப் போய்ச் செய்தான்.

அவன் வேலை, தேயிலைப் பொட்டலம் கட்டும் இயந்திரங்களின் பாகங்களைப் பூட்டிச் சேர்ப்பது. ஊருக்கு வெளியே இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு இருபத்தோரு வருடமாக ரயிலில்தான் போய் வந்தான். நிமிடத்துக்கு முந்நூறு பொட்டலம் விழ வேண்டிய இயந்திரத்தில் ஒன்று பிசகினாலும் அவனுக்குத் தூக்கம் வராது. ஞாயிறுகளையும் அவன் அப்படியே பூட்டினான். வண்டி எத்தனை மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து சதுக்கத்துக்கு எத்தனை நிமிட நடை, மழை வந்தால் ஒதுங்க எந்த மியூசியம், அந்த மியூசியம் மதியம் பூட்டுமா பூட்டாதா, அந்த ஊரின் காவல் புனிதருக்கு அன்று திருநாளா என்று எல்லாவற்றையும் தோண்டித் துருவி ஒரு தாளில் எழுதிக்கொள்வான். இரண்டரைக்கு மேல் எந்தச் சமையல்காரனும் அடுப்பை மூட்டமாட்டான் என்பதால் பன்னிரண்டரைக்கு மேஜையைச் சொல்லி வைத்துவிடுவான். கழிப்பறைக்குக் கூட அந்தத் தாளில் நேரம் இருந்தது. இப்படி ஒரு அப்பனோடு சுற்றிப் பார்க்கப் போகிற பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

எட்டு மாதத்தில் பதினாறு ஞாயிறு. ஃபெராராவில் மூடுபனியில் கோட்டையே கண்ணில் படவில்லை. மொதேனாவில் திருவிழாக் கூட்டத்தில் மிதிபட்டார்கள். ஃபாயென்சாவில் ஆயிரம் பீங்கான் தட்டுகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்து திரும்பும்போதும், "எப்படி இருந்துச்சு கண்ணு?" என்று கேட்பான். "நல்லா இருந்துச்சுப்பா" என்பாள் இரேனே. ஒரே குரல், ஒரே சிரிப்பு. இவானோ வீட்டுக்குப் போய் அந்த ஊருக்கு எதிரே 'பிடித்திருந்தது' என்று எழுதிக்கொள்வான். இருபத்தோரு வருடம் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொன்ன மனிதன்.

இரண்டு முறை தாமதமாகிவிட்டது. பார்மாவிலிருந்து வரும்போது இருபது நிமிடம், இன்னொரு முறை பத்து நிமிடம். இரண்டுக்கும் மோனியாவின் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மோனியா அவன் மனைவியாக இருந்தவள். இப்போது திட்சியானோ என்பவரோடு இருக்கிறாள். திட்சியானோவுக்கு வடக்கே ட்ரெந்தோவில் நல்ல வேலை கிடைத்திருந்தது. அவள் இரேனேயையும் கூட்டிக்கொண்டு அங்கேயே குடிபோக அனுமதி கேட்டு மனு போட்டிருந்தாள். ட்ரெந்தோ என்றால் மூன்று மணி நேரம். அங்கே போய்விட்டால் ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு என்பது மாதத்துக்கு ஒன்றாகும், அப்புறம் கிறிஸ்துமஸுக்கும் கோடை விடுமுறைக்கும் என்று ஆகும். இவானோவுக்கு அந்தக் கணக்குத் தெரியாதா என்ன?

பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளையை நீதிபதி தனியாக உட்காரவைத்துக் கேட்பார். இரேனேவுக்குப் பன்னிரண்டரை. அவளை வரும் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். பொலோஞ்ஞாவிலேயே இருக்கிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனு நிற்காது என்று அவனுடைய வக்கீல் சொன்னார். அந்தச் செவ்வாய்க்கு முன்னால் அவனுக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

அந்த ஞாயிறுக்குத்தான் வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். சனி இரவு ஒன்பது முதல் ஞாயிறு இரவு ஒன்பது வரை நாடு முழுக்க ரயில் ஓடாது.

"போகாதடா" என்றான் கார்மெலோ. ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளுகிறவன், வாய் கொஞ்சம் நீளம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னான். "இங்கயே எங்கயாவது கூட்டிட்டுப் போ. ஊரு பூரா முப்பது மைலுக்கு நடைபாதைக்கு மேல மண்டபம் கட்டி வெச்சிருக்கானுங்க. மழை பெஞ்சாலும் நனையாம நடந்துக்கிட்டே இருக்கலாம்."

"அவ கடலைப் பாக்கணும்னு சொன்னா."

"எப்ப சொன்னா?"

"போன தடவை. குளிர்காலத்துல கடலைப் பாத்ததே இல்லன்னு சொன்னா. அவளா வாயைத் தெறந்து கேட்டது இது ஒண்ணுதான்."

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாது. ரயில்தான் ஓடாது."

"காலைல பாதி வண்டி எப்படியும் ஓடும். ஸ்ட்ரைக்ல சேராதவன் இருப்பான்ல. சாயங்காலத்துக்குக் கவலையே இல்ல. ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் கட்டாய வண்டி. சட்டம் அது. இருபத்தோரு வருஷத்துல எத்தனை ஸ்ட்ரைக் பாத்திருப்பேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆறு மணி வண்டி இல்லாமப் போயிருக்கா? கடலைப் பாத்துட்டு ராவென்னாவுல ஆறேகாலுக்கு ஏறினா ஏழரைக்கு இங்க. எட்டடிக்க பத்து நிமிஷம் இருக்கறப்போ அவ வீட்டு வாசல்ல நிப்பேன்."

"பத்து நிமிஷமா? எப்பவும் ஒரு மணி நேரம் வெச்சுக்குவியே?"

"கட்டாய வண்டிடா. அரசாங்கமே கையெழுத்துப் போட்ட வண்டி."

கார்மெலோ தோளைக் குலுக்கிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினான். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவனுக்கு ரயிலைப் பற்றி என்ன தெரியும் என்று இவானோ நினைத்துக்கொண்டான்.

ஞாயிறு காலை பத்து அடிக்கும்போது சரகோஸ்ஸா என்கிற பழைய கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டின் மணியை அழுத்தினான். ஒரு காலத்தில் சாவி போட்டுத் திறந்த வீடுதான். இரேனே நீல மழைக்கோட்டில் இறங்கி வந்தாள். முடியைக் காது வரை வெட்டியிருந்தாள். அது எப்போது நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடுமே என்று கேட்கவில்லை.

"அப்பா, இன்னைக்கு ஸ்ட்ரைக்காமே? அம்மா கேட்டா."

"அதெல்லாம் பாத்து வெச்சாச்சு. ஸ்ட்ரைக்குக்கும் ஒரு முறை உண்டு கண்ணு. தெரிஞ்சவன் மாட்டமாட்டான்."

ஸ்டேஷனில் பலகை முழுக்க ரத்து, ரத்து என்று இருந்தது. ராவென்னாவுக்கான முதல் வண்டி ரத்து. அடுத்ததற்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பத்து ஐம்பதுக்கு அது வந்தும் விட்டது. இவானோவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா?" என்றான். வண்டியைத் தானே செய்து கொண்டுவந்து நிறுத்தியவனைப் போலப் பெருமை. இரேனே சிரித்தாள்.

வண்டியில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவானோ எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டு வந்தான். இப்போதே ட்ரெந்தோவைப் பற்றிக் கேட்கலாமா என்று பத்து முறை வாயெடுத்தான். கேட்டால், தன் பக்கம் இழுப்பதாக ஆகும். பிள்ளையை நிர்ப்பந்திக்கக் கூடாது என்று வக்கீல் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். அதைவிடப் பெரிய காரணம், பதிலைக் கேட்கப் பயம். அதனால் திராட்சைத் தோட்டங்களைக் காட்டினான். "பாத்தியா, எல்லாத்தையும் கழிச்சு விட்டிருக்காங்க. ஏப்ரல்ல தளிர் வரும்." "ம்" என்றாள் இரேனே.

ராவென்னாவிலிருந்து பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனார்கள். மார்ச் மாதத்துக் கடற்கரையில் குளியல் கூடங்கள் எல்லாம் பலகை அடித்துக் கிடந்தன. பன்னிரண்டரைக்குச் சொல்லி வைத்திருந்த சாப்பாட்டுக் கடைக்குப் பன்னிரண்டே முக்காலுக்குப் போனார்கள். அந்தப் பதினைந்து நிமிடம் இவானோவை அரித்துக்கொண்டே இருந்தது. அவளுக்கும் சேர்த்து அவனே சொன்னான். கோழிச் சாற்றில் பிழிந்த பஸ்ஸதெல்லி சேவை, பிறகு சுட்ட பன்றித் தொத்திறைச்சி. அவள் மெதுவாக, ஒன்றும் பேசாமல், தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டாள். சமர்த்துப் பெண் என்று நினைத்துக்கொண்டான்.

பிறகு கால்வாயை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு போகும் கற்சுவரின் மேல் நடந்தார்கள். காற்று காதைப் பிய்த்தது. கால்வாய் ஓரத்தில் மரக்கால்கள் மேல் நின்ற மீன்பிடிக் குடிசைகளில் ஒன்றிலிருந்து யாரோ பெரிய சதுர வலையை ராட்டினத்தில் மேலே தூக்கினார்கள். வலை முழுக்கத் தண்ணீர் சொட்டியது, மீன் ஒன்றுகூட இல்லை. "ஐயோ பாவம்" என்று இரேனே வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடி இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள், மறுபடியும் ஒன்றும் இல்லை. சிரிப்பு அடங்கியதும் அவள் கற்சுவரின் மேல் உட்கார்ந்தாள்.

"அப்பா, செவ்வாய்க்கிழமை இருக்குல்ல..."

 இந்த வார்த்தைக்காகத்தான் அவன் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை. அது வந்ததும் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். "கண்ணு, மூணு நாப்பதாச்சு. மூணு அம்பதுக்கு பஸ். அதை விட்டா மொசைக் கோயில் அஞ்சு மணிக்குப் பூட்டிடும். நடந்துக்கிட்டே பேசுவோமா?"

"சரிப்பா" என்று எழுந்தாள். நடக்கும்போது அவள் அதைப் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. கோயிலில் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பொன்னும் வண்ணக்கல்லும் பதித்த கூரையைப் பார்த்தார்கள். "நல்லா இருக்குல்ல?" "நல்லா இருக்குப்பா."

ஐந்து ஐம்பதுக்கு ராவென்னா ஸ்டேஷனுக்குள் நுழைந்தான். பலகை முழுக்க ரத்து. ஆறேகால் வண்டிக்கு எதிரேயும் ரத்து, ஏழேகாலுக்கு எதிரேயும் ரத்து. பலகையை மாற்ற மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். டிக்கெட் ஜன்னல் மூடியிருந்தது. நடைமேடையில் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு வயசாளி சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ஆறேகால் வண்டி எந்த நடைமேடை?"

"எந்த நடைமேடையிலயும் இல்ல."

"கட்டாய வண்டி ஐயா. ஆறுலேர்ந்து ஒன்பது."

அவர் இவானோவையும் பக்கத்தில் நின்ற பெண்ணையும் பார்த்தார். சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "அது வேலை நாளைக்குங்க. இன்னைக்கு ஞாயிறு."

"இருபத்தோரு வருஷமா நான் ஸ்ட்ரைக் அன்னைக்கெல்லாம் ஆறு மணி வண்டிலதான்..."

"வேலைக்குப் போயிருப்பீங்க. வேலைக்குப் போறவனைக் கொண்டு போய் விட்டாகணும், வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்தாகணும், அதுக்குத்தான் கட்டாயம். கடலுக்குப் போறவனுக்கு என்ன கட்டாயம்?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "ஒன்பதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் வரும். வண்டி எங்கேருந்து வரும்னு எனக்கே தெரியாது."

இருபத்தோரு வருடத்தில் அவன் ஒரு ஞாயிறுகூட வேலைக்குப் போனதில்லை. அதனால் ஞாயிறன்று வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாது. தனக்குத் தெரியாது என்பதும் தெரியாது. அடுத்த அரைமணி நேரம் அவன் ஆடிய ஆட்டத்தை இரேனே நடைமேடை பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்ஸி நிற்கும் இடத்துக்கு ஓடினான். அவனைப்போல் மாட்டிக்கொண்டவர்கள் எல்லா வண்டியையும் முன்பே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். போன் போட்டான், இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். பொலோஞ்ஞா போகும் பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. கார் வாடகைக் கடையில் ஞாயிறு விடுமுறை என்று அட்டை தொங்கியது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தபோது அவன் போன் அடித்தது. மோனியா.

"ஒரே ஒரு கேள்வி, இவானோ. ஸ்ட்ரைக்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். ஆனா ஆறு மணிக்கு மேல..."

"தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போயிருக்கே."

"மோனியா, கொஞ்சம் கேளு..."

"நான் கேக்கல. செவ்வாய்க்கிழமை கேக்கறவங்க கேப்பாங்க. இரேனே மெசேஜ் போட்டா, திட்சியானோ கெளம்பிட்டார். ஏழரைக்கு அங்க இருப்பார். அவளுக்குக் குளிரும், உள்ள உக்கார வை."

வைத்துவிட்டாள். எட்டு மணிக்குள் வழியே இல்லை. வாசலில் போய்ச் சேர எட்டரை தாண்டும், அதுவும் அந்த மனிதரின் காரில். மூன்றாவது தாமதம், அதுவும் தெரிந்தே செய்தது. இவானோ பெஞ்சில் உட்கார்ந்தான். அன்றைய தாளை நான்காக மடித்துப் பைக்குள் திணித்தான்.

"இப்ப என்னப்பா ப்ளான்?" என்று கேட்டாள் இரேனே.

"ப்ளான் ஒண்ணும் இல்ல கண்ணு."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் கால்களைப் பெஞ்சின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்தாள். எட்டு மாதத்தில் முதல் முறை. மஞ்சள் சட்டைக்காரர் உள்ளேயிருந்து இரண்டு கிளாஸில் சூடான சாக்லேட் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இரேனே பேச ஆரம்பித்தாள். அவள் சிநேகிதி தன்னோடு ஒரு மாதமாகப் பேசுவதில்லை என்றாள். முடி வெட்டியது அந்தக் கோபத்தில்தான் என்றாள். நீச்சலை நிறுத்திவிட்டாளாம். கிறிஸ்துமஸிலிருந்து கறி சாப்பிடுவதில்லையாம்.

"என்ன?" என்று நிமிர்ந்தான். "இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டியே."

"நீ முன்னாடியே சொல்லி வெச்சிருந்தியே."

"சொல்லியிருக்கலாமே கண்ணு."

"சொன்னா உன் மொகம் ஒரு மாதிரி ஆயிடும்பா."

கிறிஸ்துமஸிலிருந்து ஆறு ஞாயிறு. எந்தெந்த ஊரில் எதை எதை அவள் தட்டில் வைக்கச் சொன்னான் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்றாள். "சனிக்கிழமை ராத்திரியே எனக்கு வயித்த வலிக்கும்."

"எதுக்கு?"

"நாளைக்கு நீ சந்தோஷமா இருக்கணுமேன்னு. நீ பரீட்சை எழுதற மாதிரியே இருப்பே. நான் நல்லா இருக்குன்னு சொல்லலேன்னா ஃபெயிலாயிடுவேன்னு பயப்படற மாதிரி. அதனால நான் நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். வீட்டுக்குப் போனதும் ரொம்ப அலுப்பா இருக்கும்."

"எங்கயாவது போகணும்னு நீ..."

"நான் எப்பவுமே கேக்கலப்பா."

"கடலைக் கேட்டியே."

"பாத்ததில்லன்னு சொன்னேன். சும்மா சொன்னேன்."

 இவானோ தண்டவாளத்துக்கு அப்பால் நிறுத்தி வைத்திருந்த ஒரு காலி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த மாதிரி சும்மா உக்காரணும்" என்றாள் இரேனே. "உன் வீட்டுல. நீ பாட்டுக்கு எதையாவது பண்ணிக்கிட்டு இருப்பே, நான் பாட்டுக்குப் படுத்துட்டு இருப்பேன். அது முடியாதுன்னு தெரியும். அதான் சொல்லல." கிளாஸைக் கையில் திருப்பினாள். "செவ்வாய்க்கிழமை அந்த ஜட்ஜம்மா என்ன கேப்பாங்கன்னு தெரியும். இங்கன்னு சொன்னா, அம்மா எதுவும் சொல்லமாட்டா, ஆனா அழுவா. ட்ரெந்தோன்னு சொன்னா, நீ... நீ என்ன ஆவேன்னு எனக்குத் தெரியல. நான் என்னப்பா சொல்லட்டும்?"

அவனுக்குத் தேவையான வாசல் அது. திறந்துகொண்டு நின்றது. இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லு, அப்பாவுக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை என்று சொன்னால் போதும், அவள் சொல்லிவிடுவாள். கறி சாப்பிட்ட பிள்ளை இதையும் செய்துவிடும். அதை அவன் நன்றாகப் புரிந்துகொண்டான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சொல்வதற்குள் ஸ்டேஷன் வாசலில் கார் வந்து நின்றது. திட்சியானோ இறங்கினார். ஒல்லியான, வழுக்கை விழுந்த மனிதர், வீட்டுச் செருப்போடு கிளம்பி வந்திருந்தார். அவரை வெறுப்பதற்கு இவானோ எட்டு மாதமாகக் காரணம் தேடியும் சரியாக ஒன்றும் அகப்படவில்லை.

"நீங்களும் ஏறுங்க" என்றார். "இந்த நேரத்துல வேற எப்படி வருவீங்க?"

மானம் பார்த்து இங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் இன்னும் ஒரு மணி நேரம் அவளோடு இருக்கலாமே என்ற ஆசை அவனைப் பின் இருக்கையில் உட்கார வைத்தது. இரேனே பழக்கமாக முன்னால் ஏறி, கேட்காமலே ஹீட்டரைத் திருகினாள். ஷூவைக் கழற்றிவிட்டுக் கால்களை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள்.

"பீட்சா சொல்லிட்டேன்" என்றார் திட்சியானோ. "உனக்குக் கத்திரிக்காய் போட்டது."

"நெத்திலி போட்டது?"

"அது உங்கம்மாவுக்கு. நீ ஒரு துண்டு திருடுவேன்னு தெரியும், அதனால பெருசாவே சொல்லியிருக்கேன்."

"நெத்திலி கறி இல்ல!"

"மீனுக்கு உயிர் இல்லையா?"

"அது குட்டி. கணக்குல வராது."

"அப்ப நீயும் குட்டிதான், உனக்கும்தான் கணக்கு வராது. போன வாரம் கணக்குப் பரீட்சைல பாத்தோமே."

"ஐயோ, போதும்!" என்று அவர் தோளில் குத்தினாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. யாருக்கும் அது உறுத்தவும் இல்லை. இரேனே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள், ஜன்னலில் படிந்த ஆவியில் விரலால் கிறுக்கினாள், கொட்டாவி விட்டாள். பின் இருக்கையில் இருந்து இவானோ பார்த்துக்கொண்டிருந்தான். மகள் சும்மா இருக்கும்போது எப்படி இருப்பாள் என்பதை அவன் இன்றுதான் பார்க்கிறான். அதற்கு எந்தத் தாளும் தேவைப்படவில்லை. வீட்டுச் செருப்போடு கிளம்பி வந்த ஒரு மனிதரும் ஒரு வீடும் போதுமாக இருந்தது. பொறாமைகூட வரவில்லை அவனுக்கு. பொறாமைப்பட ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

வாசலுக்கு வந்தபோது மணி எட்டு நாற்பது. மேலே சமையலறையில் விளக்கு எரிந்தது. மோனியா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். திட்சியானோ காரை நிறுத்தும் சாக்கில் இருவரையும் விட்டுவிட்டு நகர்ந்தார். அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்த மனிதர்.

"அம்மாகிட்ட நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னு அடம் பிடிச்சேன்னு சொல்லிடறேன்" என்றாள் இரேனே. "ஜட்ஜ்கிட்டயும் அப்படியே சொல்லிடறேன்."

"வேண்டாம். பொய் சொல்லாத."

"அப்ப நான் கேட்டதுக்கு? நீ ஒண்ணும் சொல்லலையே."

இவானோ அவள் மழைக்கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டான். போட வேண்டிய அவசியம் இல்லை, வீடு இரண்டடி தூரத்தில் இருந்தது.  ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும், நடுவில் நிறுத்தினால் அழுகை வந்துவிடும் என்று தெரிந்தது.

"ட்ரெந்தோன்னு சொல்லு கண்ணு. உனக்கு அதான் தோணுதுன்னா அதையே சொல்லு. எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் அங்க வந்து பாத்துக்கறேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பெரிய மூச்சு விட்டாள். பிறகு விலகி அவனைப் பார்த்துச் சிரித்தாள். வழக்கமான அந்தச் சிரிப்பு இல்லை. முகமே தளர்ந்து, லேசாகி, காரில் இருந்தது போல இருந்தது. இன்றோடு பதினேழு ஊர்களுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு ஊரிலும் அந்த முகத்தை அவனால் வரவழைக்க முடியவில்லை.